சாமிக்கு நேர்ந்த முடி

அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்திருந்த முடியில் ஒரு கொத்தை எடுத்துக் காகித உறைக்குள் போட்டுக்கொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டி, ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையைக் கட்டி மேய்க்கிற ஒருத்தி செய்கிற வேலையா இது என்று யாரும் கேட்கலாம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவை ஜெயிக்கப் போகிறோம் என்ற சந்தோஷம்தான் இருந்தது.

அது சும்மா உதிர்ந்த முடி இல்லை. திருச்செந்தூருக்கு நேர்ந்த முடி. என் தங்கைக்குக் காது கேட்டுவிட்டால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தாள். அன்றிலிருந்து அவள் தலையில் கத்தரி படவில்லை. சீப்போடு வருகிற முடியைக்கூடத் தெருவில் போடமாட்டாள். சாமிக்கு என்று சொன்ன பிறகு உதிர்வதும் சாமிக்குத்தான் என்பது அவள் கட்சி. சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் சீப்பில் இருப்பதை எடுத்து, விரலில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடுவாள். முடி இறக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறது. அப்பா அங்கே நூல் மில்லில் வேலை பார்த்தார். நாள் முழுவதும் இயந்திர இரைச்சலில் நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அவரோடு வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான். மூன்று பேர் எங்கள் வாசலில் நின்று பேசினால் எதிர்வீட்டில் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்பாவின் அக்காவும் அதே மில்லில்தான் இருந்தாள். அந்த அத்தைக்கும் காது அவ்வளவாகக் கேட்காது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

தங்கைக்கு மகன் பிறந்த சில வருடங்களில் சர்க்கரை வந்தது. ஒல்லியான உடம்பு, இனிப்பையும் தொடமாட்டாள். அதற்குப் பிறகு காது போக ஆரம்பித்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். விலை கேட்கிறவர்களிடம் திரும்பத் திரும்ப என்ன, என்ன என்று கேட்டு, ஒருநாள் தானே வேலையை விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். இப்போது இரண்டு காதிலும் கருவி மாட்டியிருக்கிறாள். கணவன், மகனோடு அம்மா வீட்டிலேயே இருக்கிறாள்.

இது எங்கிருந்து வந்தது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது. அப்பா குடும்பம். காது கேளாத வம்சம். தங்கை மகனுக்குக் காது குத்து வைத்தபோது, தாய்மாமன் இல்லாத குறைக்கு அத்தைதான் கடுக்கன் செய்து கொண்டுவந்தாள். அவள் அதைத் தட்டில் வைக்கும்போது அம்மா, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவுக வீட்டுல காது இருக்குதது கம்மல் மாட்ட மட்டுந்தான்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரிக்கவும் செய்தார்கள். அத்தைக்குக் காது மந்தம்தான். ஆனால் சிரிப்பு கேட்டிருக்கிறது. சாப்பிடாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அப்புறம்தான் மதுரையில் ஒரு டாக்டர், சர்க்கரையும் காதும் ஒன்றாகப் போவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று முடிவு வந்தது. நான் வருடா வருடம் வகுப்பில் நடத்துகிற பாடம் அது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தருவதற்கென்று நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா உண்டு. அதற்கென்று தனியாக ஒரு டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும், தகப்பனிடமிருந்து வராது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். என் வீட்டில் நடந்துகொண்டிருப்பது அதுதான் என்று ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை.

மாறிய எழுத்து எல்லா மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டும் கலந்துதான் ஓர் உடம்பு. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எது எவ்வளவு போகும் என்பது பந்தியில் குழம்பு ஊற்றுகிற மாதிரி. ஒரு இலையில் காயாக விழும், பக்கத்து இலையில் வெறும் குழம்பு விழும். ஒரே உடம்பிலேயே ரத்தத்தில் ஒரு அளவு இருக்கும், தசையில் வேறு அளவு இருக்கும். ஒரே தலையில் ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும்கூட வித்தியாசம் இருக்கும்.

அம்மாவின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. வயதானவர்களின் ரத்தத்தில் இது தேய்ந்து தெரியாமலே போய்விடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நானும் சொன்னேன். அம்மாவுக்கு அதெல்லாம் ஏறவில்லை. மதுரையிலிருந்து வந்த அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், என் ரத்தம் சுத்தம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள் என. நான் மறுத்துப் பேசியபோது, ரத்தமே சொன்ன பிறகு நீ என்ன பெரிதாகச் சொல்லப் போகிறாய் என்று கேட்டாள். அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. காதும் மந்தம்தான். கேட்டால் நாம்தான் மெதுவாகப் பேசுகிறோம் என்பாள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறாள். ஒரே ஆளின் தலையில் முடிக்கு முடி இந்தக் கலவை எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. தங்கையைப் பற்றிச் சொன்னதும், தாயும் இரண்டு மகள்களும் சேர்ந்து முடி கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும் என்றாள். தங்கை கொடுத்தாள். நானும் கொடுத்தேன். வேரோடு சில முடிகளைப் பிடுங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வைத்து அனுப்ப வேண்டும். தங்கைக்கு நான் பிடுங்கினேன். வலிக்குதா என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

தங்கையின் முடி எல்லாவற்றிலும் அது இருந்தது, நிறையவே இருந்தது. என்னுடையதில் அநேகமாக இல்லை. ஒன்றிரண்டில் சொல்லும்படி இல்லாத அளவு. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். சென்னையில் வேலை பார்க்கிறாள், வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கும் சேர்த்துத்தான் அந்த நிம்மதி. செய்தி வந்தபோது பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் நல்ல காற்று. சேரன்மகாதேவி தாண்டியதும் அப்படியே தூங்கிவிட்டேன். பல நாளாக வராத தூக்கம். கண் விழித்தபோது ஊர் வந்திருந்தது. தங்கையை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியாமல் பஸ் நிலையத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பங்குக்கு விழுந்ததில்தான் என் பங்கு குறைந்தது என்று அறிவியல் எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் இலையிலிருந்து நான் எடுத்துத் தின்ற மாதிரியே இருந்தது.

அம்மா மட்டும் முடி கொடுக்கவில்லை. சாமிக்கு நேர்ந்ததில் ஒன்றைக்கூடப் பிடுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ரத்தம் எடுக்கும்போதே ஆராய்ச்சி உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்தான். ஆனால் வாயால் முடியாது என்று சொன்னதற்கு அப்புறம் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அது எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கும் அவள் முடி இல்லாமல் ஒன்றும் நின்றுவிடாது. தங்கைக்கு மருந்தில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை. விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் அத்தை. அவளுக்குக் கண்ணில் புரை நீக்கி ஆபரேஷன் நடந்திருந்தது. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அப்படியே காதுக்கும் ஒரு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லு என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. தப்பே செய்யாத ஒருத்தி எத்தனை வருடம்தான் இந்தப் பேச்சைக் கேட்பாள் என்று அத்தைக்காகக் கோபப்பட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அம்மா என்னை நம்பவில்லையே என்ற கோபம்தான் அதில் பாதிக்கு மேல். மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தேன்.

வேர் இல்லாமல் உதிர்ந்த முடியிலும் இந்த டிஎன்ஏவைப் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அம்மாவின் முடி என்று எழுதி அனுப்பினேன். சில வாரம் கழித்து அவள் போன் செய்தபோது குரலில் அவ்வளவு உற்சாகம். ஒரே தலையில் இவ்வளவு வித்தியாசத்தை அவள் பார்த்ததே இல்லையாம். சிலவற்றில் சுத்தமாக இல்லை, சிலவற்றில் கொஞ்சம், ஒரு முடியில் பாதிக்கு மேல். அந்த ஒரு முடியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

நான் போனபோது அம்மா அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி உரக்க, வகுப்பில் பேசுகிற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவிலிருந்து எடுத்ததைச் சொன்னேன். அதில் என்ன தெரிந்தது என்று சொன்னேன். அப்பாவுக்கும் அத்தைக்கும் இதில் சம்பந்தமே இல்லை, அப்பாவிடமிருந்து இது வரவே முடியாது, உன்னிடமிருந்துதான் அவளுக்கு வந்திருக்கிறது என்றேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்து அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அம்மா உருவிய காம்பைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவ காதை நாந்தான் கெடுத்தேனா?"

யாரும் கெடுக்கவில்லை, உனக்கும் உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கும், இது யார் தப்பும் இல்லை என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. சாமி முடியை ஏன் எடுத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மீதிக் கீரையை உருவி முடித்தாள். சமைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். தான் மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது தங்கை என்னை மச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மாட்ட எதுக்குச் சொன்ன? எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு தெரியும்லா. சாப்பாட்டப் பெசஞ்சு வச்சுக்கிட்டு என் மொகத்தையே பாக்கா. எனக்கு அவள இப்படிப் பாக்கணும்னு யாரு கேட்டா?"

அத்தையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அத்தை எத்தனையோ வருடம் பொறுத்துக்கொண்டாள், இன்னும் கொஞ்ச வருடம் பொறுக்கமாட்டாளா என்று கேட்டுவிட்டுத் தங்கை கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானமே அம்மா என்னை அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அத்தை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வந்திருப்பது யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா அவள் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என் பிள்ளைக்கு வந்தது எங்கிட்ட இருந்துதான். ஒங்க குடும்பத்துல இருந்து இல்ல. பெரியவ முடிய எடுத்துப் பாத்துச் சொல்லிட்டா."

இரண்டு பேருக்கும் சரியாகக் கேட்காது என்பதால் அம்மா அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன். அத்தை முகத்தில் ஒரு சின்ன நிம்மதியாவது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அம்மாவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டச் சொல்லிக்கிட்டாவது இத்தன வருசம் நீ தூங்குன. இனிமே எப்படித் தூங்குவ?"

அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. திட்டினாளா, பரிதாபப்பட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் மருமகள் காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அதற்கு அடுத்த வாரம் திருச்செந்தூர் போனோம். காது கேட்டால்தானே மொட்டை, இன்னும் கேட்கவில்லையே என்றேன். பேரம் பேசினால் சாமி எங்கே கொடுக்கும், முதலில் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன் என்றாள். பவுடர் டப்பாவையும் மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்தாள். மொட்டை போடுகிறவர் அவ்வளவு நீள முடியைக் கையில் பிடித்து, இந்த வயதில் பாதிக்கு மேல் கறுப்பாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். அம்மா அதற்கும் சிரிக்கவில்லை. தலை முடிந்ததும் டப்பாவில் இருந்ததையும் கொட்டிக் கொடுத்தாள். கடலில் முங்கி எழுந்து வந்தபோது அவள் மிகவும் சின்னவளாகத் தெரிந்தாள். ஈரத் தலையில் சந்தனம் பூசிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மொட்டைத் தலையில் முடி அரும்பத் தொடங்கிய சமயத்தில் பெங்களூரிலிருந்து அந்தப் பெண் மறுபடி போன் செய்தாள். கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முடியையும் கரைப்பதற்கு முன் நுண்ணோக்கியில் படம் எடுத்து வைப்பார்களாம். அந்தப் படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்ததாம்.

"மேம், உங்க அம்மா டை அடிப்பாங்களா?"

இல்லை என்றேன். பாதிக்கு மேல் இருந்ததே, அந்த முடியில் மட்டும் சாயம் இருக்கிறது, அடியில் கொஞ்சம் வெள்ளை, அதற்கு மேல் முழுக்கச் சாயம் என்றாள். எங்கள் வீட்டில் டை அடிப்பவள் நான் ஒருத்திதான். சனி, ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனால் குளித்துவிட்டு அவள் சீப்பில்தான் தலை வாருவேன். அது என் முடி, அதையும் சேர்த்துக் கழித்துவிடு, அந்த உறையில் இருந்த எதையும் கணக்கில் எடுக்காதே, மூன்று பேர் முடியும் கலந்திருக்கலாம் என்று சொன்னேன். தாய்க்கும் மகள்களுக்கும் இந்த டிஎன்ஏ ஒன்றுதான் என்பதால், எது யாருடையது என்று அதை வைத்துப் பிரிக்கவும் முடியாது. அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மரியாதையாகப் பேசினாள். அப்போ உங்கள் முடி என்று பிடுங்கி அனுப்பியதில் எல்லாம் இல்லையே மேம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒரு தலையில் எல்லா முடியும் ஒரே மாதிரி இருக்காது என்று நான் அவளுக்கே பாடம் சொன்னேன்.

அம்மாவைத் தண்டித்த சாட்சி என் தலையிலிருந்து விழுந்த முடி. அம்மாவிடமிருந்து வந்தது என்பது என்னவோ உண்மைதான், தங்கைக்கு வேறு வழியாக வந்திருக்க முடியாது. ஆனால் அம்மாவின் தலையில் அது எவ்வளவு இருந்தது, இருந்ததா என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. நான் தப்பித்துவிட்டேன் என்பதற்கும் இல்லை. என் மகள் தப்பித்துவிட்டாள் என்பதற்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். டப்பாவில் உன் முடி மட்டும்தானா இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சீப்புல கெடக்குதத எல்லாம் போடுவேன். ஒன் முடி, அவ முடி எல்லாந்தான். ஒங்க ரெண்டு பேருக்குஞ் சேத்துத்தான நேர்ந்தேன்."

தங்கைக்குக் காது கேட்க வேண்டும் என்பதோடு, பெரியவளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்றும் வேண்டியிருந்தாளாம். என்னிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முடி உன்னுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். உன்னைப் போய் அப்படிப் பேசிவிட்டேன் என்றேன். தங்கையிடமும் அத்தையிடமும் என் மகளிடமும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கித் தன் மடியில் குப்புற வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருட்டயும் சொல்லாத. ஒனக்குப் பொட்டப்பிள்ள இருக்கு, நாள பின்ன நல்ல எடத்துல குடுக்கணும். அது என் முடின்னே இருக்கட்டும்."

அப்படி மறைக்கக் கூடாது, மகளுக்குத் தெரிய வேண்டும், கட்டிக்கொள்கிறவனுக்கும் தெரிய வேண்டும், பிள்ளை பெறுவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். மேடை போட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். அம்மா அரும்பிய முடியைக் கையால் தடவிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையை ஆட்டினேன்.